பழைய போட்டோல கடல் எங்க நிக்குதுன்னு பாருங்க

எல்லாருக்கும் வணக்கம். மெட்ராஸ் டேக்குன்னு இவ்ளோ பேர் வந்திருக்கீங்க, மனசுக்கு நெறவா இருக்கு. தம்பி, முன்னாடி லைட்ட அணைச்சுடுங்க, பின்னாடி இருக்குறவங்களுக்கும் ஸ்கிரீன் தெரியட்டும்.

இது ஐஸ் ஹவுஸ். இப்போ விவேகானந்தர் இல்லம்னு சொல்றோமே, அதேதான். அமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டிய வைக்க 1842ல கட்டுனது. பழைய படம்னா எல்லாரும் கட்டடத்தத்தான் பாக்குறாங்க, நீங்க கடல் எங்க நிக்குதுன்னு பாருங்க. இன்னைக்கு பீச் ரோட்லேர்ந்து தண்ணிக்குப் போறதுக்குள்ள மணல்ல கால் ஓஞ்சுடுது, அப்போ இவ்ளோ மணலே கிடையாது. 1875ல ஹார்பர் வேலைய ஆரம்பிச்சாங்க, நம்ம கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் அலை மணல தெக்கேர்ந்து வடக்க தள்ளிட்டுப் போகும், குறுக்க ஹார்பர் சுவரு வந்ததும் மணல் தெக்கயே தங்கி மெரினா அகலமாயிட்டே போச்சு, வடக்க ராயபுரம், காசிமேடு பக்கம் போக வேண்டிய மணல் போகல, கடல் கரைய அரிச்சு வீடு வாசல் வரைக்கும் வந்துடுச்சு. இங்க நாம காத்து வாங்குற மணல் அந்த ஜனங்க இழந்த மணலுங்க.

அடுத்த படம், மசூலா படகு. ஹார்பர் இல்லாத காலத்துல கப்பல் தள்ளியே நங்கூரம் போட்டுடும், ஆளும் மூட்டையும் இதுலதான் கரைக்கு வரணும். கிட்ட பாருங்க, பலகையில ஆணியே இல்ல, எல்லாம் தென்னங்கயிறு போட்டு தெச்சது. அலை தூக்கி அடிச்சா வளைஞ்சு குடுக்கும், ஆணி அடிச்ச படகுன்னா பொளந்துடும். இந்த மாதிரி படத்துல ஸ்டூடியோ பேரு கீழ அச்சாயிருக்கும், துடுப்பு போடுறவர் பேர யாரும் எழுதி வெக்கல, எனக்கு ஒவ்வொரு தடவையும் இது உறுத்துது.

லினியஸ் டிரைப்னு ஒரு ஆங்கிலேய போட்டோகிராபர், 1858ல தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்ட மட்டும் 21 படமா எடுத்து வரிசையா ஒட்டி ஒரே நீளப் படமா ஆக்குனாரு, அசந்துடுவீங்க. ஆனா கோயில், கோட்டை, கோர்ட்டுக்கு கெடச்ச கேமரா குப்பத்துக்கும் கிராமத்துக்கும் எங்க கெடச்சுது? அந்தப் படத்துல எல்லாம் தெரு காலியா இருக்கேன்னும் நெனக்காதீங்க, எக்ஸ்போஷர், அதாவது வெளிச்சம் பட்டு படம் பதியுற நேரம், அப்போ அதிகம், நடந்து போறவங்க பதியவே மாட்டாங்க.

அதனாலதான் உங்க வீட்டு ஆல்பம் வேணும்ங்கறேன். பீச்சுல பாப்பாவ தூக்கிட்டு அத்தை நிக்கிறாங்கல்ல, அவங்க முதுகுக்குப் பின்னாடி கூரை, வலை, கட்டுமரம் எல்லாம் இருக்கும், அது வேற எங்கயும் கெடைக்காது. பசை ஷீட் ஆல்பம்னா பிச்சு எடுக்காதீங்க, அப்டியே போன்ல எடுங்க. லாமினேஷன் வேண்டவே வேண்டாம். பின்பக்கம் பென்சிலால அழுத்தாம வருஷம், ஊரு, எந்தப் பக்கம் பாத்து எடுத்ததுன்னு எழுதுங்க, பால்பாயிண்ட் முன்பக்கம் தடம் விழும்.

இப்போ இந்தப் படம். பின்னாடி ஒண்ணுமே எழுதல. நொச்சிக்குப்பத்துலேர்ந்து வந்த பெரியவங்க கொஞ்சம் முன்னாடி வாங்க ஐயா, அந்த ஓலைக்கூரை வரிசை எந்தத் தெருன்னு பாத்து சொல்லுங்க, மைக் குடுக்குறோம்.