சாவி திரும்பாத பைக்

நேயர்களுக்கு வணக்கம். தாராவி 90 அடி சாலைப் பக்கம் இரு சக்கர வண்டிகளைப் பழுது பார்க்கிறவன் நான். மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் கடைக்கு வரும் வேலைகளே மாறிவிடும். அதில் ஒன்றைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பைக்கின் பூட்டு இறுகிப்போய் சாவி திரும்பாமல் நின்றுவிடுவது. ஹேண்டில் லாக், சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டும் டிஸ்க் லாக், சக்கரத்தில் போடும் சங்கிலிப் பூட்டு என எல்லாவற்றுக்கும் இது வரும்.

"பூட்டு போச்சு, மாத்திக் கொடுங்க" என்றுதான் பெரும்பாலும் வந்து நிற்கிறார்கள். ஆனால் அப்படி வரும் பூட்டுகளில் பல, கெட்டுப்போனவையே அல்ல. வெளியிலிருந்து ஏதோ ஒன்று அதை அழுத்திக்கொண்டிருக்கும். இல்லையென்றால் உள்ளே ஏதோ அடைத்திருக்கும். எது என்று பார்ப்பதற்குள் நாம் சாவியை முறுக்கிவிடுகிறோம். பூட்டு உண்மையிலேயே கெடுவது அந்த முறுக்கலில்தான். அதனால் பலத்தைக் காட்டுவதற்கு முன்னால் அழுத்தம் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இன்றைக்கு நான் சொல்லப்போவது எல்லாமே இதை ஒட்டியதுதான்.

ஹேண்டில் லாக்கை எடுத்துக்கொள்வோம். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, சாவியை அழுத்தித் திருப்பும்போது, பூட்டுக்குள்ளிருந்து ஓர் இரும்பு முளை நீண்டு, வண்டியின் கழுத்தில் உள்ள குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. இனி அந்த வண்டியை ஸ்டேஷனுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சயானோ குர்லாவோ, எங்கே என்றாலும் நிலைமை ஒன்றுதான். இடம் பிடிக்க வருகிறவர்கள் உங்கள் வண்டியை இழுப்பார்கள், நகர்த்துவார்கள், அதன் ஹேண்டிலின் மேல் இன்னொரு வண்டியைச் சாய்த்துவிட்டுப் போவார்கள். அந்தச் சுமை முழுவதும் முளையின் மேல் விழுந்து, முளை குழியின் சுவரில் ஒட்டி நிற்கும். மழையில் உப்பிய கதவின் தாழ்ப்பாள், கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்தால்தானே திறக்கும்? இதுவும் அதே கதைதான்.

ஆகவே சாவியை உள்ளே விட்டு, இரண்டு விரலால் மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொரு கையால் ஹேண்டிலை அது பூட்டியிருக்கும் பக்கமாகவே இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம். இப்படி மெல்ல ஆட்டிக்கொண்டே சாவியைத் திருப்பிப் பாருங்கள். ஏதாவது ஓர் இடத்தில் முளை சுவரை விட்டு விலகும், சாவி தானாகத் திரும்பும். முன் சக்கரம் பள்ளத்திலோ நடைபாதை விளிம்பிலோ சிக்கியிருந்தால், முதலில் வண்டியைச் சமமான இடத்துக்கு நகர்த்திக்கொள்ளுங்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கொடுக்கும் பலத்துக்கு மேல் எந்தச் சாவிக்கும் தேவையில்லை. குறடு போட்டுத் திருப்பினால் சாவி உடையும். வேறு பலன் எதுவும் இல்லை.

இதற்கும் மசியவில்லை என்றால் உள்ளே பார்க்க வேண்டும். பைக்கின் இக்னிஷன் பூட்டுக்குள் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங். சரியான சாவி உள்ளே போனால் எல்லாத் தகடுகளும் ஒரே மட்டத்துக்கு வரும், அப்போதுதான் நடு உருளை சுழலும். ஒரே ஒரு தகடு ஒட்டிக்கொண்டாலும் பூட்டு திறக்காது. திண்டுக்கல் பூட்டுகளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரில் பெரிய வீடுகளில் தொங்கும் அந்த மாங்காய்ப் பூட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். பைக் பூட்டில் எல்லாமே பொடி அளவு. தூசியும் துருவும் கொஞ்சம் சேர்ந்தாலே அதற்கு அதிகம்.

இந்த ஊர்க் காற்றில் உப்பு இருக்கிறது. பூட்டின் கூடு பெரும்பாலும் துத்தநாகக் கலவையால் வார்த்தது. உப்பு ஈரம் பட்டுப்பட்டு அதில் வெள்ளையாக மாவு மாதிரி பூக்கும். பித்தளை பச்சை பிடிக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மாஹிம், வர்ளி பக்கம் கடற்கரையை ஒட்டி நிற்கும் வண்டிகளின் பூட்டுகளுக்கு இதனால் கூடுதல் கவனிப்பு வேண்டும். வெள்ளத்தில் முங்கிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். 2005 ஜூலை 26 யாருக்கும் மறந்திருக்காது. சாந்தாகுருஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாதிரி வெள்ளத்தில் பூட்டுக்குள் தண்ணீர் மட்டும் போவதில்லை, சேறும் போகிறது. தண்ணீர் வடிந்துவிடும், சேறு உள்ளேயே காய்ந்து கெட்டியாகும். அதனால் நனைந்த வண்டியில் சாவியைப் போட்டு முறுக்குவதற்கு முன்னால் பூட்டைக் கழுவ வேண்டும்.

எதைக் கொண்டு கழுவுவது? நம் வீடுகளில் முதலில் கை போவது தேங்காய் எண்ணெய்க்கு. வேண்டாம். தேங்காய் எண்ணெயும், எஞ்சின் ஆயிலும், கிரீஸும் அன்றைக்கு வழுக்கும். அப்புறம் தூசியை இழுத்துப் பிடித்து உள்ளே பசையாகிவிடும். டபிள்யூடி-40 என்று ஸ்பிரே டப்பா கடைகளில் கிடைக்கிறதே, அது 1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்டித் துருவைத் தடுப்பதற்காகவே உருவாக்கப்பட்ட திரவம். நாற்பதாவது முயற்சியில் பலித்ததால்தான் பெயரில் 40 இருக்கிறது. ஈரத்தையும் அழுக்கையும் வெளியே தள்ள அது நல்லது. மெல்லிய குழாயைச் சாவித் துவாரத்தில் வைத்து அடியுங்கள், சாவியை உள்ளே விட்டு எடுங்கள், துணியில் துடையுங்கள். சாவியில் கறுப்பாக வருவது நிற்கும் வரை திரும்பச் செய்யுங்கள். ஊறுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும், ஒரு டீ குடித்துவிட்டு வந்து திருப்பிப் பாருங்கள்.

அது வழி திறக்கும், அவ்வளவுதான். நாள்பட்ட வழுவழுப்புக்கு, பூட்டு நன்றாகக் காய்ந்த பிறகு கிராஃபைட் தூள் போடுவது நல்லது. தூள் கிடைக்கவில்லையா, குழந்தைகள் படம் வரையும் 4பி, 6பி பென்சிலைச் சாவியின் இரண்டு பக்கமும் நன்றாகத் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள். எண்ணெயும் கிராஃபைட்டும் கலந்தால் மட்டும் சகதிதான். அதனால் கிராஃபைட் போட்ட பூட்டில் எண்ணெய் விடாதீர்கள்.

இங்கே அதிகாலையில் இட்லி அண்டாவைக் கட்டிக்கொண்டு வண்டியில் கிளம்பும் அண்ணாச்சிமார் பலரை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில், "தம்பி, சாவி திரும்ப மாட்டேங்குதுப்பா, இட்லி ஆறிடும்" என்று போன் வந்தால் எனக்கு மனசு பதறும். அன்றைய வியாபாரமே போய்விடுமே. அவர்களுக்கும், இரவு பகலாக டெலிவரி ஓட்டும் பிள்ளைகளுக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டாவது சாவியை முதலில் போட்டுப் பாருங்கள். தினமும் புழங்கும் சாவியின் பற்கள் தேய்ந்துவிடும். பூட்டு நன்றாக இருந்தும் திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அந்தச் சாவி கையில் இல்லையென்றால், தேய்ந்த சாவியை முழுதாக உள்ளே விட்டு, மயிரிழை அளவு வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். சில நேரம் கேட்கும். டூப்ளிகேட் போடும்போது தேய்ந்த சாவியைக் கொடுத்துப் போடாதீர்கள், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும். புதுச் சாவியைக் கொடுங்கள்.

சாவி உள்ளேயே உடைந்துவிட்டால் அடுத்த சாவியைத் திணிக்கக் கூடாது, துண்டு இன்னும் ஆழமாகப் போய்விடும். பசை வைத்து ஒட்டி இழுக்கும் யோசனையும் வேண்டாம், பசை தகடுகளில் பரவினால் பூட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதான். பாதி திரும்பிய நிலையில் உடைந்திருந்தால், சாவி உள்ளே போகும் பழைய நிலைக்கு உருளையைத் தட்டை ஸ்க்ரூ டிரைவர் முனையால் மெதுவாகக் கொண்டுவர வேண்டும். அதற்குப் பிறகுதான் துண்டு வெளியே வரும். மெல்லிய ரம்ப பிளேடின் பல்லில் கொக்கி போட்டு இழுக்கலாம். கைப்பழக்கம் இல்லையென்றால் சாவி போடுகிறவரைக் கூப்பிடுவது நல்லது. உடைந்த இரண்டு துண்டுகளையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அவற்றைச் சேர்த்து வைத்தே அவரால் புதுச் சாவி அரம் போட்டுக் கொடுக்க முடியும்.

டிஸ்க் லாக்கில் நடப்பது வேறு. பூட்டியதை மறந்து வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். சக்கரம் சுழன்று, பூட்டு காலிப்பரிலோ (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பாகம்) ஃபோர்க்கிலோ (சக்கரத்தைத் தாங்கும் கால்) போய் மோதி, ஆப்பு மாதிரி இறுகிவிடும். பதற்றத்தில் மேலும் முன்னால் தள்ளுவார்கள், இன்னும் இறுகும். வண்டியைப் பின்னால் தள்ளுங்கள். ஓர் அங்குலம் போதும். பூட்டு தொளதொளவென்று ஆட ஆரம்பித்த பிறகு சாவியைப் போடுங்கள். கழற்றியதும் டிஸ்க் வளைந்திருக்கிறதா, பிரேக் ஓஸ் (பிரேக் திரவம் போகும் குழாய்) நசுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் ஓட்டாதீர்கள்.

அதைவிட எனக்குப் பயம் தருவது எண்ணெய். டிஸ்க் லாக்கை வண்டியில் வைத்தபடியே ஸ்பிரே அடித்தால், அது டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் படும். பூட்டு திறந்துகொள்ளும், பிரேக் பிடிக்காது. வேறு வழியில்லாமல் அடிக்கத்தான் வேண்டும் என்றால், டிஸ்க்கையும் பேடையும் தடிமனான துணியால் மூடிவிட்டு, துவாரத்துக்குள் மட்டும் அடியுங்கள். பிறகு டிஸ்க்கை பிரேக் கிளீனர் போட்டுத் துடையுங்கள். வண்டியை உருட்டிக்கொண்டே பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். பேடில் எண்ணெய் ஊறியிருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். பேடின் விலை பெரிய தொகை இல்லை, தயவுசெய்து அதில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

இதே அக்கறையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹேண்டில் லாக் திறக்கவில்லை என்று, ஹேண்டிலை இரண்டு கையால் பிடித்து வெட்டி இழுத்து முளையை முறித்துவிடுகிறார்கள். திருடர்கள் செய்யும் வேலை அது. சொந்தக்காரர்களும் அவசரத்தில் அதைச் செய்கிறார்கள். முறிந்த முளைத் துண்டு உள்ளே கிடக்கும். வண்டி ஓடும்போது திருப்பத்தில் அது குறுக்கே மாட்டினால் ஹேண்டில் அப்படியே நின்றுவிடும். பின்னால் பஸ் வரும் சாலையில் அது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி முறித்துவிட்டால் ஓட்டாதீர்கள், தள்ளிக்கொண்டு வாருங்கள். பூட்டைக் கழற்றித் துண்டை எடுத்து, ஹேண்டில் இரு பக்கமும் கடைசி வரை தடையில்லாமல் போகிறதா என்று பார்த்த பிறகுதான் நான் எந்த வண்டியையும் வெளியே விடுவேன்.

ஸ்கூட்டர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சாவித் துவாரத்தின் மேல் ஷட்டர் மூடியிருந்தால் பூட்டு இறுகிவிட்டது என்று எண்ண வேண்டாம். யாரோ குழந்தை தட்டிவிட்டிருக்கும். சாவியின் தலையில் உள்ள காந்த முனையை அதன் பள்ளத்தில் பொருத்தித் திருப்பினால் திறக்கும்.

எதுவும் பலிக்காமல் சங்கிலியையோ டிஸ்க் லாக்கையோ அறுத்தே ஆக வேண்டும் என்றால், கிரைண்டர் பிடிப்பவர் பழகியவராக இருக்கட்டும். தீப்பொறி பெட்ரோல் டேங்கின் பக்கம் போகக் கூடாது. டேங்க், டயர், பிரேக் ஓஸ், வயர் எல்லாவற்றின் மேலும் ஈரச் சாக்கைப் போர்த்துங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் வேலையைத் தொடவே வேண்டாம். லைட்டரால் சாவியைச் சுட்டுத் திறப்பதையும் இதே காரணத்துக்காக விட்டுவிடுங்கள்.

பூட்டை அறுக்கிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். ராத்திரி என்றால் கேட்கவே வேண்டாம். முதலில் சொசைட்டி வாட்ச்மேனிடம் சொல்லுங்கள், வண்டியின் பதிவுச் சான்றான ஆர்சியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிஜிலாக்கர், எம்பரிவாஹன் செயலிகளில் உள்ள ஆர்சியை 2018 முதல் போலீஸும் ஏற்றுக்கொள்கிறது. சாவி போடுகிறவர் ஆர்சி கேட்டால் கோபப்படாதீர்கள். கேட்காமல் திறந்து கொடுப்பவரிடம்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பூட்டு மாற்றியே ஆக வேண்டும் என்றால், லாக் செட்டாக வாங்குங்கள். இக்னிஷன், டேங்க் மூடி எல்லாவற்றுக்கும் ஒரே சாவியாக வரும். பில்லையும் பழைய சாவிகளையும் எறிந்துவிடாதீர்கள். நாளைக்கு வண்டி திருடு போனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள், எப்போது பூட்டு மாற்றினீர்கள் என்பதற்கும் ஆதாரம் வேண்டியிருக்கும். புது வண்டிச் சாவியோடு சாவி எண் பொறித்த ஒரு சின்னத் தகடு வந்தால், அதை வளையத்திலேயே கோத்து வைக்காமல், எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். சாவிக்கொத்தே தொலைந்த அன்றைக்கு அந்த எண்தான் தேவைப்படும்.

நன்றி, வணக்கம்.