மாலை போட்ட மூன்றாம் நாள்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்த இரண்டு மூன்று நாட்களில், மனநல மருத்துவர்களாகிய நாங்கள் எதிர்பார்த்திருக்கும் நோயாளி ஒருவர் உண்டு. பல ஆண்டுகளாகக் காலையிலேயே குடிக்கத் தொடங்கிவிடும் அவர், சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒரே நாளில் குடியை நிறுத்தியிருப்பார். கை நடுங்கும், உறக்கம் வராது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார். சிலருக்கு வலிப்பும் வந்துவிடும். சாமி குற்றமோ என்று வீட்டார் அஞ்சுவார்கள். நாள்தோறும் மூளையை மந்தப்படுத்தி வந்த சாராயம் திடீரென நின்றதும், அதற்கு ஈடுகொடுக்கப் பழகியிருந்த நரம்புகள் கட்டவிழ்ந்து துள்ளுவதே உண்மையான காரணம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். பிதற்றலும் குழப்பமும் கூடிய கடுமையான நிலை இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே தலைகாட்டும், கவனிக்காவிட்டால் உயிரையே பறிக்கும். விரதத்தைத் தடுப்பது எங்கள் நோக்கமன்று. மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே வந்து பார்த்திருக்கலாமே என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

இவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும், நரம்புகளை அமைதிப்படுத்த, நாள்தோறும் அளவைக் குறைத்துக்கொண்டே போகும் குளோர்டயசெபாக்சைடு போன்ற மருந்தும் தேவை. கல்லீரல் கெட்டிருந்தால் அந்த மருந்துக்குப் பதிலாக லோராசெபாம் தருவோம்.

எல்லாப் போதைக்கும் இதே சிகிச்சை பொருந்தாது. கஞ்சாவை நிறுத்துபவருக்கு எரிச்சலும் தூக்கமின்மையும் இருக்கும். உயிருக்கு ஆபத்து பொதுவாக இல்லை. அதற்கென நிறுவப்பட்ட மருந்தும் இல்லாததால், ஆற்றுப்படுத்துதலே, அதாவது கவுன்சலிங்கே, முதன்மையான சிகிச்சை. தூக்க மாத்திரைக்கு அடிமையானவரோ, வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டியவர்.

வலி மாத்திரைகளைப் போதைக்காக விழுங்கும் இளைஞரின் கதை வேறு. ஓபியம் வகையைச் சேர்ந்த அம்மாத்திரைகள் நின்றால் உடல்வலி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு என்று வாட்டும். அந்த வேதனையைத் தணிக்கப் புப்ரெனார்ஃபின் என்ற மருந்து அவருக்கு உதவும். இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள்: குடிப்பவரின் வேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் என்ற மாத்திரையை, உடலில் ஓபியம் வகை மருந்து மிச்சமிருக்கும் இவருக்குக் கொடுத்தால், அதே துன்பம் ஒரேயடியாகப் பன்மடங்காய் வந்து தாக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் குணமான மாத்திரையை வாங்கிக் கொடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்று எண்ணிப்பாருங்கள்.

குடித்தால் உடலுக்கு ஒவ்வாதபடி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரையைக் கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கும் மனைவியரும் இருக்கிறார்கள். அவர்களின் துயரம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதன்மேல் மது பட்டால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து, இதயம் பலவீனமானவருக்கு உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்திய பின்னும் ஏறக்குறைய இரண்டு வாரம் அந்த ஆபத்து நீடிக்கும். குடிப்பவர் தெரிந்து, ஒப்புக்கொண்டு உட்கொள்ள வேண்டிய மருந்து அது.

சாராயக்கடை, கள்ளுக்கடை, ஒயின்ஷாப் மூன்றும் உள்ள ஊர் இது; கடலூர்ப் பக்கமிருந்தும் குடிக்க வருகிறார்கள். ஆகவே 'குடிக்கிறார்' என்ற ஒற்றைச் சொல் எங்களுக்குப் போதாது. எதை, நாளுக்கு எத்தனை குவார்ட்டர், கடைசியாக எத்தனை மணிக்கு, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா, வேறு என்ன மாத்திரை விழுங்குகிறார் என்பவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள். வருவதற்கு முன் பேச விரும்பினால் போதை மீட்புக்கென 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது. வணக்கம்.