அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைத்தது யார்?

நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடிக்க ஐந்தரை மணிக்கே வந்துவிட்ட எங்கள் கிளை நூலக வாசகர் வட்டத்துப் பெரியவர்களே, வணக்கம்.

நல்ல வாசகரை உருவாக்குவது தானாகத் தேடும் தேடலா, அடுத்தவர் செய்யும் சிபாரிசா என்பது தலைப்பு. நான் சிபாரிசுக் கட்சி. வேலைக்கும் காலேஜ் சீட்டுக்கும் அலைந்து அலைந்து கெட்டபெயர் வாங்கிக்கொண்ட சொல் அது. இன்றைக்காவது அதற்குக் கொஞ்சம் நல்லபெயர் வாங்கித் தர முடியுமா என்று பார்க்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய அண்ணன் கைதட்டல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். எட்டாம் வகுப்புக் கோடை லீவில் இதே நூலகத்துக்கு வந்தாராம், கடைசி அலமாரியின் கீழ்த்தட்டில் அட்டை கிழிந்த ஒரு நாவலை யாரும் சொல்லாமலே கண்டெடுத்தாராம், கரண்ட் போன பிறகும் தெருவிளக்கடியில் நின்று படித்து முடித்தாராம், அன்றிலிருந்து யாருடைய சிபாரிசும் தமக்குத் தேவைப்படவில்லையாம். கேட்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணே, அந்த நாவல் கீழ்த்தட்டுக்கு நடந்தா வந்தது? யாரோ ஒருவர் படித்துவிட்டு இதை வாங்கலாம் என்று சொல்லியிருப்பார், ஒருவர் பட்டியலில் சேர்த்திருப்பார், இன்னொருவர் எண் ஒட்டி, எட்டாம் வகுப்புப் பையனின் கைக்கு எட்டும் உயரத்தில் செருகி வைத்திருப்பார். அட்டை ஏன் கிழிந்திருந்தது? உங்களுக்கு முன்னால் அத்தனை பேர் எடுத்துப்போய்ப் படித்திருக்கிறார்கள். கிழிந்த அட்டையைவிடப் பெரிய சிபாரிசு வேறென்ன இருக்கிறது?

இதை நான் சும்மா வாய்ஜாலத்துக்குச் சொல்லவில்லை. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. மூன்றாவது அதையே திருப்பிப் போட்டது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதாவது புத்தகமும் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது, இருவரையும் சந்திக்க வைப்பதற்கு நடுவில் ஒரு ஆள் வேண்டும் என்று அந்த மனிதர் வேலை மெனக்கெட்டு யோசித்திருக்கிறார். நீங்கள் தற்செயல் என்று நினைத்துக்கொண்டிருக்கும் அலமாரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, பெரிய விஷயத்துக்கு வருகிறேன். 1880, அக்டோபர் 21, வியாழக்கிழமை, கும்பகோணம். இருபத்தைந்து வயது உ. வே. சாமிநாதையர் கல்லூரியில் தமிழாசிரியராக வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அரியலூரிலிருந்து மாற்றலாகி வந்திருந்த முன்சீப், அதாவது சிவில் கோர்ட்டு நீதிபதி, சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்க ஐயர் போகிறார். முதலியார் கேட்டது, யாரிடம் படித்தீர்கள், என்னென்ன படித்தீர்கள் என்பதுதான். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். அந்தப் பெயரைச் சொன்னாலே எதிரே இருப்பவர் எழுந்து உட்காருவார் என்று எதிர்பார்த்தால், முதலியார் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் என்று ஐயர் அடுக்குகிறார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை. இவற்றையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்பது போல ஒரு பேச்சு வேறு வருகிறது. நம்மிடம் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் வெளியே வந்ததும் முதல் வேலையாக அந்த நம்பரை பிளாக் செய்திருப்போம்.

அப்புறம் முதலியார் கேட்கிறார்: சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா? சிலப்பதிகாரம்? மணிமேகலை? ஐயர் படித்ததில்லை. புத்தகம் கிடைத்தால் படித்துவிட முடியும் என்று ஒரு துணிச்சலில் சொல்கிறார். முதலியார் அத்தோடு விடவில்லை, சிந்தாமணிப் பிரதியைக் கொண்டுவந்து கொடுக்கிறார், படித்துத் தனக்கும் பாடம் சொல்லவேண்டும் என்கிறார். புரியாத இடங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஐயர் கும்பகோணத்துச் சமணர்களிடம் போகிறார். ஏடு தேடி ஊர் ஊராக அலைகிறார். 1887இல் சிந்தாமணி அச்சாகிறது. பின்னாலேயே 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. தேடல் தேடல் என்று எதிரணி மேசையைத் தட்டியதே, தமிழில் இதைவிடப் பெரிய தேடல் இருந்தால் காட்டுங்கள். அந்தத் தேடலைக் கிளப்பிவிட்டது எது? இதைப் படித்திருக்கிறீர்களா என்று ஒரு மனிதர் நேருக்கு நேர் கேட்ட கேள்வி!

இந்த இடத்தில் எதிரணியின் இரண்டாவது பேச்சாளருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சிபாரிசு செய்ய இப்போது செல்போனே போதும், மனிதர் எதற்கு என்றார். போன் என்ன செய்யும்? இதை வாங்கினீர்களா, அப்படியானால் இதே மாதிரி இன்னொன்று இதோ என்று நீட்டும். கும்பகோணத்தில் அன்றைக்கு முன்சீப்புக்குப் பதிலாக ஒரு போன் இருந்திருந்தால் ஐயருக்குப் பதினாறாவது அந்தாதியைக் காட்டியிருக்கும். பழக்கமில்லாத பக்கம் தோளைப் பிடித்துத் திருப்பிவிட மனிதர்தான் வேண்டும், அதுவும் கொஞ்சம் கறாரான மனிதர்.

மோசமான சிபாரிசு இல்லையா என்றால் நிறைய இருக்கிறது, நானே அனுபவித்திருக்கிறேன். என் நண்பர் ஒருவர் தலையணை கனத்தில் ஒரு நாவலைக் கொடுத்துவிட்டு மூன்றாம் நாளே எங்கே வந்திருக்கிறாய் என்று கேட்க ஆரம்பித்தார். நான் நாற்பதாம் பக்கத்தைத் தாண்டவே இல்லை. கதாநாயகன் இன்னும் ஊருக்குள்ளேயே வரவில்லை. ஆனாலும் பிரமாதம், முடிவுதான் மனதை என்னவோ செய்துவிட்டது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன், பாவம், அவர் கண் கலங்கிவிட்டார். அந்தப் பாவம் இன்னும் என்னைத் துரத்துகிறது. கட்டாயம் படிக்கவேண்டிய நூறு நூல்கள் என்று பொத்தாம்பொதுவாக வரும் பட்டியல்களும் அப்படித்தான். யாருக்கென்று இல்லாமல் எழுதப்பட்டதால் யாரும் படிப்பதில்லை, ஃபார்வேர்டு மட்டும் செய்கிறோம்.

நான் சொல்லும் சிபாரிசு வேறு. அது பெரும்பாலும் இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்ற விசாரிப்பில்தான் தொடங்கும். விமர்சகர் க. நா. சு. தமக்குப் பிடித்த தமிழ் நூல்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: படித்திருக்கிறீர்களா? படியுங்கள் என்று அதட்டவில்லை. திருநெல்வேலியில் ரசிகமணி டி. கே. சி. வீட்டில் கூடிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்திலும் யாரும் யாருக்கும் பட்டியல் கொடுக்கவில்லை. தமக்குப் பிடித்த கம்பன் பாட்டை அவர் அனுபவித்துச் சொல்வார், சுற்றி உட்கார்ந்து கேட்டவர்களுக்கும் அது பிடித்துப்போகும்.

எங்கள் ஊரில் எனக்கு அப்படி ஒரு நூலக அக்கா இருந்தார். திருப்பித் தரும் புத்தகத்தில் தேதி முத்திரையைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பார். ஒருநாள் துப்பறியும் கதை ஒன்றைத் திருப்பிக் கொடுத்தபோது, தம் மேசை மேல் பஸ் டிக்கெட்டை அடையாளம் வைத்து மூடியிருந்த புத்தகத்தைக் காட்டி, நான் பாதியில் இருக்கிறேன், திங்கட்கிழமை முடித்துவிடுவேன், வந்து வாங்கிக்கொள் என்றார். நல்லது, கெட்டது, உயர்ந்த இலக்கியம் என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒரு ஆள் வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கள்வரை விடாமல் படிக்கும் அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று எனக்குச் சனி ஞாயிறு தூக்கமே இல்லை. புத்தகம் கைக்கு வந்தபோது அந்த பஸ் டிக்கெட்டும் உள்ளேயே இருந்தது. நான் அதே டிக்கெட்டை வைத்துத்தான் படித்து முடித்தேன்.

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒரே நிமிடம். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு அம்மா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். எனக்கில்லை, எதிரணி அண்ணனுக்கு. நீங்கள் தெருவிளக்கில் படித்த நாவலின் பெயர் என்ன, இப்போது நூலகத்தில் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். கீழே வேறு கையெழுத்தில் 'எனக்கும்' என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இந்தாருங்கள் அண்ணே, சீட்டு. பதில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.