நிலம் அதிராமல் இறங்குதல்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

எங்கள் கல்லூரியின் பெண்கள் கைப்பந்து அணி புதிய ஆட்டப் பருவத்திற்கு எவ்வாறு ஆயத்தமாகிறது என்பதைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். 22 ஆண்டுகளாக உடற்கல்வி இயக்குநராகப் பணிபுரியும் எனக்கு, ஆண்டிலேயே மிகவும் பிடித்த காலமும் மிகுந்த கவலை தரும் காலமும் இந்த ஆனி, ஆடி மாதங்கள்தாம். கல்லூரி திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். மேற்கே மலைப்பக்கமிருந்து வரும் காற்று மைதானத்துச் செம்மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருக்கும். சென்ற ஆண்டு ஆடிய 12 பேரில் 5 பேர் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்கள். அவர்களுள் ஒருத்தி, மூன்று ஆண்டுகளாக எங்கள் அணியில் அடிப்பவர்களுக்குப் பந்தை உயர்த்திக் கொடுத்த செட்டர். எங்கள் பக்கத்துப் பழைய ஆட்டக்காரர்கள் லிஃப்டர் என்று சொல்லும் அந்த இடம் காலியாகிவிட்டால், அடிப்பவர்கள் எத்தனை பேர் இருந்தும் பயனில்லை.

கல்லூரி அணி என்பது மூன்றாண்டுக்கு மேல் யாரையும் வைத்துக்கொள்ள முடியாத வீடு. ஒருத்தி ஆட்டத்தை முழுமையாகப் புரிந்துகொள்ளும் நேரத்தில் அவளை வழியனுப்பிவிட்டு, அதே வாரத்தில், பள்ளியில் கோ-கோ ஆடியவளையும், கபடி ஆடியவளையும், எதையுமே ஆடாமல் உயரமாக வளர்ந்திருக்கும் ஒரே காரணத்தால் தோழிகளால் இழுத்து வரப்பட்டவளையும் வரிசையில் நிறுத்தி மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவ்வாண்டு தேர்வுக்கு 31 மாணவியர் வந்தார்கள். பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகள் தொடங்க அப்போது ஏறத்தாழ எட்டு வாரங்கள் இருந்தன. அதன் பிறகு முதலமைச்சர் கோப்பைப் போட்டிகள் வரும். எங்கள் மாணவியர் சிலராவது பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானால், இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தென்மண்டலப் போட்டியில் கேரளத்து அணிகளையும் கர்நாடகத்து அணிகளையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த எட்டு வாரங்களில் முதல் மூன்று வாரங்களுக்கு நாங்கள் வலை கட்டுவதில்லை. மைதானத்தைச் சுற்றி நடை பயில வருகிற பெரியவர்கள், "என்ன டீச்சர், நெட்டு கட்டலியா?" என்று ஒவ்வோர் ஆண்டும் கேட்கிறார்கள். வலை கட்டினால் மாணவியர் குதிப்பார்கள். குதிக்கும் முன் அவர்களுக்கு இறங்கக் கற்றுத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு என் சொந்த வாழ்க்கையே காரணம்.

நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஒரு போட்டியின் நான்காவது செட்டில், எதிரணி அடித்த பந்தை வலையருகே கைகளால் தடுக்க, அதாவது பிளாக் செய்வதற்காக எழும்பி, வலக்காலில் மட்டும் எடை விழும்படி இறங்கினேன். யாரும் என்னைத் தொடவில்லை. முழங்காலுக்குள் ஏதோ அறுந்த சத்தம் எனக்கு மட்டும் கேட்டது. ஊரில் ஜவ்வு கிழிந்துவிட்டது என்று சொல்வார்களே, அதுதான் நேர்ந்திருந்தது. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகப் பிணைத்திருக்கும் அந்த நாரை மருத்துவர்கள் ஏ.சி.எல். என்று குறிப்பிடுகிறார்கள். அன்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டு, இரண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று சொல்லி என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு நான் போட்டிகளில் ஆடவே இல்லை. எனக்கு எழும்பவும் அடிக்கவும் கற்றுத் தந்தவர்கள் அக்கறையுள்ளவர்கள்தாம். ஆனால் எப்படி இறங்குவது என்பதும் கற்றுத் தர வேண்டிய ஒன்று என்று அக்காலத்தில் எங்கள் பக்கத்தில் யாரும் நினைக்கவில்லை.

இந்தக் காயம், ஒரே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக ஏற்படுகிறது என்பதும், பெரும்பாலும் எவரும் மோதாமலேயே, இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் ஏற்படுகிறது என்பதும் விளையாட்டு மருத்துவத்தில் நன்கு நிறுவப்பட்ட செய்திகள். முழங்கால் விறைப்பாக இருக்க, தொடை உள்நோக்கிச் சாய்ந்து, இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று தேடுவதுபோல் நெருங்கும் நிலையில் இறங்கும்போது, அந்த மெல்லிய நாரின் மீது பெருஞ்சுமை வந்து விழுகிறது. இடுப்பின் அமைப்பு, தசைகளின் வலிமை, ஹார்மோன் எனப்படும் இயக்குநீரின் மாற்றங்கள் எனப் பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அவற்றோடு, 22 ஆண்டுகளில் நான் கண்ட ஒரு காரணத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

நம் வீடுகளில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒரு பெண் குழந்தையிடம், "இனிமேல் குதிக்காதே" என்று சொல்லிவிடுகிறோம். மரம் ஏறாதே, சுவர் தாண்டாதே, நிலம் அதிர நடக்காதே என்றெல்லாம் சொல்லி வளர்க்கிறோம். அவள் வயதுத் தம்பியோ அண்ணனோ அந்த ஐந்தாறு ஆண்டுகளிலும் கிணற்றில் குதித்து, மதிலிலிருந்து குதித்து, ஓடும்போது தடுக்கி விழுந்து எழுந்து, தன் உடல் எப்படித் தரையைச் சேர வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தராமலே கற்றுக்கொண்டுவிடுகிறான். அவளோ அந்த ஆண்டுகளை அப்படியே இழந்துவிட்டு, 18 வயதில் என்னிடம் வருகிறாள். வந்த மறுவாரமே, ஒரு மாலைப் பயிற்சியில் அவளை நூறு முறை எழும்பி அடிக்கச் சொன்னால், அந்த முழங்கால் என்ன செய்யும்?

ஆகவே எங்கள் முதல் வாரப் பயிற்சி ஓர் அடி உயரமுள்ள மரப்பலகையிலிருந்து இறங்குவதில் தொடங்குகிறது. இரண்டு பாதங்களும் தோள் அகலத்திற்கு விலகி, முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, குதிகால் பின்தொடர்ந்து, முழங்காலும் இடுப்பும் மடங்கி, முழங்கால் பாதத்தின் நேர்மேலேயே நிற்க வேண்டும். இதைக் கண்ணால் பார்த்துத் திருத்துவது ஒரு வழி. நான் காதால் கேட்டுத் திருத்துகிறேன். மாணவியரை இருவர் இருவராக நிறுத்தி, ஒருத்தி இறங்கும்போது மற்றவளைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கச் சொல்கிறேன். ‘தப்’ என்று சத்தம் வந்தால் இறங்கியது தவறு. சத்தமே கேட்காவிட்டால் சரி. சத்தம் குறைந்திருக்கிறதென்றால் தசைகள் அந்த எடையை வாங்கிக்கொண்டன என்று பொருள். நிலம் அதிராமல் நடக்கச் சொன்ன பாட்டிமார் நினைவு எனக்கு அப்போதெல்லாம் வருகிறது. நானும் நிலம் அதிராமல் இறங்கத்தான் சொல்கிறேன்; இன்னும் உயரமாக எழும்புவதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாம் வாரத்தில் விழக் கற்றுத் தருகிறோம். இதற்கு எனக்கு வழிகாட்டியாக இருப்பது 1964ஆம் ஆண்டின் ஜப்பான் அணி. பெண்களுக்கான குழு ஆட்டம் ஒன்று ஒலிம்பிக்கில் முதன்முதலாக இடம்பெற்றது அவ்வாண்டு டோக்கியோவில்தான். அந்த ஆட்டம் கைப்பந்து. அக்டோபர் 23 அன்று நடந்த ஆட்டத்தில் ஜப்பான், சோவியத் அணியை மூன்று நேர் செட்களில் வென்று தங்கம் பெற்றது. அந்த அணியினரில் பெரும்பாலோர் கைசுகா என்ற ஊரிலிருந்த நிச்சிபோ நூற்பாலையைச் சேர்ந்த பெண்கள். பகலெல்லாம் ஆலையில் வேலை, அதன் பின் நள்ளிரவு வரை பயிற்சி. அவர்களுடைய பயிற்சியாளர் ஹிரோபுமி டைமாட்சு, எட்டாத பந்தைப் பாய்ந்து எடுத்தவுடன் தரையில் உருண்டு, அந்த உருளும் வேகத்திலேயே எழுந்து நிற்கும் முறையை உருவாக்கினார். தள்ளிவிட்டாலும் தானே எழுந்து நிற்கும், நம் தஞ்சாவூர்ப் பொம்மையைப் போன்ற ஒரு பொம்மையைக் கண்டுதான் அந்த யோசனை அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். அவருடைய பயிற்சியின் கடுமையை நான் ஏற்கவில்லை. காயத்தோடும் களைப்போடும் ஆடியவர்களை மேலும் மேலும் விழச் செய்த அந்த வழி எங்கள் மாணவியருக்கு வேண்டாம். ஆனால் விழுவதையும் எழுவதையும் ஒரே அசைவாக்கிய அந்த அறிவு விலை மதிக்க முடியாதது. நாங்கள் அதைப் புல் தரையில், பழைய மெத்தைகளை விரித்து, முதலில் உட்கார்ந்த நிலையிலிருந்தும் பிறகு குந்திய நிலையிலிருந்தும் பழகுகிறோம். தோளைத் தரையில் கொடுத்து உருளப் பழகிய பெண்ணுக்குப் பந்தின் மீது இருந்த பயம் போய்விடுகிறது.

இடையே உணவைப் பற்றியும் ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தச் சோகை உள்ளவர்கள். அந்த எண் என் மைதானத்தில் மாலை ஐந்தரை மணிக்கு மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும் பெண்ணின் உருவத்தில் நிற்கிறது. அவளைச் சோம்பேறி என்று திட்டுவது எளிது. நாங்கள் பயிற்சி தொடங்கும் முன்பே அரசு மருத்துவமனையில் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிடுகிறோம். முருங்கைக்கீரை, முட்டை, வேர்க்கடலை, கம்பு ஆகியவை விடுதிச் சமையலில் இடம்பெறும்படி பார்த்துக்கொள்கிறோம். சாப்பிட்டவுடன் தேநீர் குடிக்கும் வழக்கத்தை விடச் சொல்கிறோம், ஏனெனில் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதை அது தடுக்கிறது. மாதவிடாய் நாட்களை ஒவ்வொருத்தியும் தன் குறிப்பேட்டில் தானே எழுதி வைக்கிறாள். அந்நாட்களில் ஆடுவதா, ஓய்வெடுப்பதா என்பதை அவளே முடிவு செய்கிறாள். காரணம் கேட்கும் வழக்கம் எங்களிடம் இல்லை.

மூன்றாம் வாரம் குரலுக்கு உரியது. கைப்பந்தில் ஒரு செட்டின் தலையெழுத்து பெரும்பாலும் எதிரணியின் சர்வீஸை வாங்கும் முதல் தொடுகையிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தில் ஓர் அணிக்கு உரியது பாதி. அதில் ஆறு பேர் நிற்கிறோம். சுழலாமல் மிதந்து வரும் சர்வீஸ், எங்கள் ஊர்க் காற்றில் கடைசி நொடியில் எந்தப் பக்கம் விலகும் என்று தெரியாது. அப்போது இரண்டு பேருக்கு நடுவே வரும் பந்து, ஒருத்தி மற்றவளைப் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் விழுகிறது. இருவருக்கும் எடுக்கத் தெரியும். "எனக்கு" என்று உரக்கச் சொல்லத்தான் இருவருக்கும் கூச்சம். முதலாம் ஆண்டு மாணவி, பக்கத்தில் நிற்கும் மூன்றாம் ஆண்டு அக்காவை மீறிக் கத்துவது மரியாதைக் குறைவு என்று நினைக்கிறாள். வீட்டிலும் வகுப்பிலும் மெதுவாகப் பேசிப் பாராட்டுப் பெற்றவள் அவள்.

அதனால் ஆடுகளத்தின் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் யாரும் யாருக்கும் அக்கா இல்லை, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறோம். கோட்டுக்கு வெளியே பழையபடி அக்காதான். பந்தே இல்லாமல், நான் கை காட்டும் திசைக்கு ஓடிச் சென்று, மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும்படி குரல் கொடுக்கும் பயிற்சியை நாள்தோறும் பத்து நிமிடம் செய்கிறோம். சென்ற வாரம் ஒரு முதலாம் ஆண்டு மாணவி, தன் வாழ்க்கையிலேயே இவ்வளவு சத்தமாக எதையும் சொன்னதில்லை என்று சொல்லிவிட்டு அழுதாள். அவளைத்தான் லிபரோவாக ஆக்கலாமா என்று நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன். 1998 முதல் நடைமுறையில் இருக்கும் லிபரோ என்ற அந்த இடம், உயரம் குறைந்த, ஆனால் துணிவும் விரைவும் உள்ள பெண்ணுக்கு இந்த ஆட்டத்தின் கதவைத் திறந்துவிட்டது. பின்வரிசையில் மட்டும் ஆடி, வேறு நிறச் சட்டை அணிந்து, எல்லோரையும்விட அதிகமாகப் பேச வேண்டியவள் லிபரோ.

செட்டர் இடத்திற்கு மூவரைப் பழக்கி வருகிறோம். மூவரில் யார் என்பது இன்னும் தெளிவாகவில்லை. விரல்கள் மென்மையாக இருக்கிறவளுக்குக் கால் மெதுவாக இருக்கிறது. கால் விரைவாக இருக்கிறவள், பந்து கைக்கு வரும் முன்பே எங்கே கொடுக்கப் போகிறாள் என்பதைக் கண்ணால் காட்டிக்கொடுத்துவிடுகிறாள். மூன்றாமவள் பள்ளியில் கபடி ஆடியவள், இப்போதுதான் பந்தை விரலால் தொடக் கற்கிறாள். ஆனால் தவறு செய்த தோழியின் தோளைத் தட்டிவிட்டு அடுத்த பந்துக்குத் தயாராகிறவள் அவள் ஒருத்திதான். என் மனம் அவள் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்க விரும்பவில்லை.

இத்தனைக்கும் நடுவே பெற்றோரைச் சந்திக்கும் வேலையும் இருக்கிறது. வெளியூர்ப் போட்டிக்கு மூன்று நாள் மகளை அனுப்பத் தயங்கும் தந்தையை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கே தங்குகிறோம், யார் உடன் வருகிறார்கள், இரவு எத்தனை மணிக்குத் தொலைபேசியில் பேசுவாள் என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்து, ஒரு நாள் மாலையில் மைதானத்திற்கு வந்து பயிற்சியைப் பார்க்கும்படி அழைக்கிறோம். வந்து பார்த்தவர்களில் மறுத்துவிட்டுப் போனவர்கள் மிகக் குறைவு.

நாளை காலை ஆறு மணிக்கு வலை கட்டுகிறோம். பெண்களுக்கான உயரம் 2 மீட்டர் 24 சென்டிமீட்டர். அளவுகோலை எடுத்து நடுவில் அளந்து பார்ப்பது மூத்த மாணவியரின் பொறுப்பு. நடுக்கோட்டிற்குப் புதிதாகச் சுண்ணாம்பு போட வேண்டும். வலைக்கு அடியில் எதிராளியின் பாதத்தின் மீது இறங்கித்தான் இந்த ஆட்டத்தில் பலருக்குக் கணுக்கால் பிசகுகிறது என்பதால், அந்தக் கோடு தெளிவாகத் தெரியாமல் யாரையும் பிளாக் செய்ய எழும்ப விடுவதில்லை. காற்று சற்று அடங்கினால் முதல் அரைமணி நேரம் அடிப்பவர்களுக்கு. பலகையிலிருந்து மூன்று வாரங்களாக இறங்கிக்கொண்டிருக்கும் 31 பேரும் இப்போதே நாளை எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் வழக்கம்போல் கோட்டருகே அமர்ந்து, அவர்கள் இறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வணக்கம்.