புள்ளிக் கணக்கில் யார் யார்?

அவையில் இருக்கும் ஆச்சிகளுக்கும் அண்ணன்மாருக்கும், இடமில்லாமல் வாசலில் நின்று கேட்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

நம் காரைக்குடி 2024இல் மாநகராட்சி ஆகிவிட்டது. இனி வடிகால், சாலை, குடிநீர் என்று பெரிய திட்டங்கள் வரும். வரட்டும், வேண்டியதுதான். அவற்றை யாரைக் கேட்டுப் போடப்போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் தெருவில் சில வருடங்களுக்கு முன்னால் வடிகால் கட்டினார்கள். கான்கிரீட்டில் குறை சொல்ல முடியாது. ஆனால் தெருவைவிட ஒரு சாண் உயரம். அந்த ஐப்பசியில் தெருத் தண்ணீர் வடிகாலுக்குள் ஏற முடியாமல் வீடுகளுக்குள் புகுந்தது. எதிர்வீட்டு ஆச்சிக்கு எண்பது தாண்டிவிட்டது. ஊன்றுகோலைத் திண்ணைப் படியில் வைத்துக் காட்டினார்கள். “அடைமழைக்கு இந்த ரெண்டாம் படி வரைக்கும்தான் தம்பி வரும். விடிஞ்சா ஊருணிக்குப் போயிரும். இப்ப மூணாம் படி ஏறி நிக்குது, போகமாட்டேங்குது.” அளவெடுக்க வந்தவர்கள் அரைநாள் அதே திண்ணை நிழலில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஆச்சி கையால் மோர் வாங்கிக் குடித்தார்கள். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

நம் பெரிய வீடுகளைப் பாருங்கள். நாலு பக்கத்து ஓடும் முற்றத்தைப் பார்த்துச் சரிந்திருக்கும். முதல் மழை ஓட்டைக் கழுவிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் விழுவதை அண்டாவில் பிடிப்பார்கள். மிச்சம் முற்றத்து மூலையில் இறங்கி, தெருக் கால்வாய்க்கு வந்து, ஊருணியில் போய்ச் சேரும். வீட்டு ஓடும் தெருவும் ஊருணியும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து நின்றன. யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றதற்கு வீடுகளின் அழகோடு இந்த நீர் ஏற்பாடும் ஒரு காரணம். இன்று அதே முற்றத்துத் தண்ணீர் தெருவுக்கு வந்ததும் வழி தெரியாமல் நிற்கிறது.

நகரத்தாரிடம், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார் சமூகத்தில், புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு, உங்களுக்குத் தெரியும். கல்யாணமாகிவிட்டால் அந்தக் குடும்பம் ஒரு புள்ளி. கோயில் காரியத்துக்குப் புள்ளிவரி கொடுக்க வேண்டும். எண்ணப்பட்டவருக்குப் பொறுப்பும் உண்டு, பங்கும் உண்டு. அதை அப்படியே ஊர்த் திட்டத்துக்குக் கொண்டுவரலாம் என்பது என் எண்ணம், ஒரு திருத்தத்தோடு. பழைய புள்ளி ஒரு சமூகத்துக்குள்ளேயே நின்றது. இந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர், கிணறு வெட்டியவர், துணி வெளுத்தவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. நம் புதுக் கணக்கில் அவர்கள் பேரப்பிள்ளைகள் வரவேண்டும்.

செக்காலையிலோ கழனிவாசலிலோ தகரக் கூரைக்குக் கீழே வாடகைக்கு இருக்கிற குடும்பம் வரவேண்டும். சித்திரை வெயில் எப்படிச் சுடும் என்று சுண்ணாம்புச் சுவருக்குள் இருக்கும் நமக்கு அவ்வளவாகத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். தூய்மைப் பணியாளர் கட்டாயம் வரவேண்டும். எந்த முக்கில் சாக்கடை முதலில் பொங்கும் என்று அவரைவிடத் தெரிந்தவர் ஊரில் கிடையாது. ஆனால் வேலைநாளில் காலை பதினோரு மணிக்குக் கூட்டம் போட்டால் அவர் எப்படி வருவார்? பூட்டிக் கிடக்கும் வீடுகளின் பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுத் தண்ணீரும் இதே தெருவில்தான் விழுகிறது. போனில் கேட்கலாமே.

சரி, அதிகாரிகள் பக்கமும் ஒரு சங்கடம் உண்டு. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அது பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் ஒரு துறை, அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். தெரு வடிகால் மாநகராட்சிக்கு. ஊருணி சில இடங்களில் கோயிலைச் சேர்ந்தது. தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால் இந்த எல்லைகளையெல்லாம் தாண்டித்தான் வருகிறது. ஒவ்வொருவரும் தன் பங்கைச் சரியாகச் செய்தாலும் நடுவில் ஒரு முழம் விட்டுப்போனால் தண்ணீர் அங்கேயே நின்றுவிடும். இவர்கள் எல்லோரையும் மக்களோடு ஒரே பாயில் உட்கார வைக்க வேண்டும், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அதற்கு இடம் புதிதாகத் தேட வேண்டாம். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி நாளன்று தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் தொடங்கின. கிராமத்துக்குக் கிராம சபை மாதிரி நகரத்துக்கு இது. குழாயில் தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று மனுக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுகிறோம். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திட்டத்தின் வரைபடத்தை அங்கே விரித்து வைக்கச் சொல்லுங்கள். வேலை தொடங்கிய பிறகு அல்ல, ஒப்பந்தம் விடுவதற்கு முன்னால். பென்சிலை ஆச்சி கையில் கொடுங்கள்.

நாங்கள் காத்திருக்கவில்லை. வருகிற ஞாயிறு காலை ஆறரைக்கு எங்கள் தெருவிலிருந்து ஊருணி வரை நடக்கப்போகிறோம். கையில் தெருப்படமும் ஒரு நீள நூலும் ரசமட்டமும் இருக்கும். தண்ணீர் எங்கே நிற்கும், எந்த வீட்டுப் படி எவ்வளவு உயரம், எந்த இடத்தில் வரத்துக்கால் மேல் கடை கட்டியிருக்கிறார்கள், எல்லாவற்றையும் குறிப்போம். மழை பெய்தால் இன்னும் நல்லது, குடையோடு வாருங்கள். ஆச்சியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் யாராவது ஒரு நாற்காலி எடுத்து வாருங்கள்.