ஃபனூரியோசின் அம்மாவுக்காக ஒரு கேக்

நேயர்களுக்கு வணக்கம்.

கிரேக்க நாட்டில் ஆகஸ்ட் 26ஆம் தேதி மாலை தேவாலயத்துக்குள் நுழைந்தால் பட்டை, கிராம்பு வாசம் வரும். வீட்டில் சுட்ட கேக்குகளைப் பெண்கள் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். பாதிரியார் மந்திரித்ததும் அங்கேயே துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் புனித ஃபனூரியோஸ் திருநாள். கேக்கின் பெயர் ஃபனூரோபிட்டா.

யார் இந்த ஃபனூரியோஸ்? அவர் வாழ்க்கையைப் பற்றி உறுதியான வரலாறு கிடையாது. ரோட்ஸ் தீவில் 1500ஆம் ஆண்டுவாக்கில் கோட்டைச் சுவரைச் செப்பனிட்டபோது, புதைந்து கிடந்த கோயிலொன்றில் அவர் படம் கிடைத்ததாகச் சொல்வார்கள். இளம் போர்வீரர், கையில் சிலுவை, அதன்மேல் எரியும் மெழுகுவத்தி. அதற்கு முன்பே கிரீட் தீவில் ஆங்கெலோஸ் என்ற ஓவியர் அவரை வரைந்திருக்கிறார். கிரேக்கத்தில் 'ஃபனெரோனோ' என்றால் வெளிப்படுத்துவது. பெயரே அப்படி இருப்பதால், தொலைந்ததைக் காட்டிக்கொடுப்பவர் என்று மக்கள் அவரை நம்பினார்கள். சாவி, மோதிரம், வேலை, கல்யாணமாகாத பெண்ணுக்கு மாப்பிள்ளை, எது வேண்டுமானாலும் கேட்கலாம்.

என்னை உருக்கியது இதுதான்: கிடைத்த பொருளுக்கு நன்றியாகச் சுட்டாலும், வேண்டுதல் அவருடைய அம்மாவுக்காக. அவள் பெரும் பாவி, மகன் எவ்வளவு மன்றாடியும் கரையேறவில்லை என்பது கதை. அதனால் "ஃபனூரியோசின் தாயைக் கடவுள் மன்னிக்கட்டும்" என்று சொல்லித்தான் கேக்கைப் பங்கிடுகிறார்கள். மகனுக்கு இதைவிட என்ன காணிக்கை கொடுத்துவிட முடியும்?

இது நோன்புப் பலகாரம். முட்டை, பால், வெண்ணெய் எதுவும் சேராது. சேர்க்கும் பொருள்கள் ஏழோ ஒன்பதோ பதினொன்றோ இருக்க வேண்டும். நான் ஒன்பது போடுகிறேன். ஒரு கப் ஆலிவ் எண்ணெய், ஒரு கப் சர்க்கரை, ஒன்றரை கப் ஆரஞ்சுச் சாறு, மூன்றரை கப் மைதா, ஆப்ப சோடா, பட்டைத்தூள், கிராம்புத்தூள், உலர்திராட்சை, வால்நட். சோடாவைச் சாற்றில் கரைக்கப் பெரிய பாத்திரமாக எடுங்கள்; சாற்றின் புளிப்பு பட்டதும் நுரை பொங்கி வரும். முட்டை இல்லாத இந்த மாவை உப்ப வைப்பது அந்த நுரைதான். ஆகவே தாமதிக்காமல் மாவில் ஊற்றி, அதிகம் அடிக்காமல் கலந்து, 180 டிகிரியில் ஒரு மணி நேரம் சுடுங்கள். நடுவில் குத்திய குச்சி ஒட்டாமல் வரவேண்டும்.

அன்றே வெட்டாதீர்கள். எண்ணெயில் செய்த கேக் ஒரு நாள் ஊறினால் இன்னும் மிருதுவாகும். மறுநாள் ஏழு வீட்டுக்காவது ஒரு துண்டு போகட்டும், அந்த அம்மாவின் பெயரைச் சொல்லி.