பந்தை அடிக்காதவரைப் பாருங்கள்

கொடைக்கானல் பண்பலை நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். பெண்கள் டென்னிஸில் இரட்டையர் ஆட்டத்தைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். ஒற்றையர் ஆட்டம் முடிந்து இரட்டையர் தொடங்கும்போது பலரும் எழுந்து போய்விடுகிறார்கள். நம் மலையில் பெண் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

2022 செப்டம்பரில் சென்னை நுங்கம்பாக்கம் அரங்கத்தில் சென்னை ஓப்பன் நடந்தது, உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒற்றையர் பட்டத்தை செக் நாட்டின் 17 வயதுப் பெண் லிண்டா ஃபுருவிர்தோவா வென்றார். இரட்டையர் பட்டம் கனடாவின் காப்ரியேலா டப்ரோவ்ஸ்கி, பிரேசிலின் லூயிசா ஸ்டெஃபானி ஜோடிக்குக் கிடைத்தது. இந்த ஜோடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு, 2021 அமெரிக்க ஓப்பன் அரையிறுதியில் இதே இருவரும் சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தின் நடுவே ஸ்டெஃபானியின் வலது முழங்காலில் தசைநார் கிழிந்தது. சக்கர நாற்காலியில்தான் வெளியே கொண்டுபோனார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் டோக்கியோ ஒலிம்பிக்கில் லாரா பிகோஸியுடன் வெண்கலம் வாங்கியிருந்தார். டென்னிஸில் பிரேசிலுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அப்புறம் அறுவை சிகிச்சை, நடைப் பழக்கம், பயிற்சி என்று ஒரு வருஷம் போனது. டப்ரோவ்ஸ்கிக்கு இது தொழில். அவர் காத்திருக்க முடியாது. மெக்சிகோவின் கியுலியானா ஓல்மோஸுடன் சேர்ந்து 2022இல் மாட்ரிட் பட்டம்கூட வென்றார். ஆனாலும் ஸ்டெஃபானி களத்துக்குத் திரும்பிய முதல் போட்டியில், நம் சென்னையில், பக்கத்தில் வந்து நின்றவர் டப்ரோவ்ஸ்கிதான். இருவரும் கோப்பையோடு ஊர் திரும்பினார்கள். இப்படிப்பட்ட ஆட்டம் நம் மாநிலத்தில் நடந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை.

சரி, இரட்டையரில் எதைப் பார்ப்பது? பந்தை அடிக்காதவரைப் பாருங்கள். ஒற்றையர் கோர்ட்டின் அகலம் 27 அடி, இரட்டையருக்கு 36 அடி. ஆள் இரண்டு மடங்கு, இடமோ மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. அதனால் பந்து போக இடைவெளி ஏது? இருக்கிற இடைவெளியை அடைப்பதும் திறப்பதும் நெட் அருகே நிற்பவரின் வேலை. சர்வ் போடுவதற்கு முன் அவர் முதுகுக்குப் பின்னால் கையால் சைகை காட்டுவார். எங்கள் பிள்ளைகளுக்கு, மூடிய கை என்றால் நின்ற இடத்திலேயே இருப்பேன், விரித்த கை என்றால் குறுக்கே பாய்வேன். அவர் பாய்ந்தால் பின்னால் இருப்பவர் உடனே மறுபக்கம் ஓடி அந்த இடத்தை மூட வேண்டும். ஒரு நொடி பிந்தினாலும் பாயின்ட் போச்சு.

டபிள்யூ.டி.ஏ. என்கிற பெண்கள் தொழில்முறை டென்னிஸ் சங்கத்தின் போட்டிகளில், இரட்டையருக்கு 40-40 என்று சமநிலை வந்தால் அடுத்த ஒரே பாயின்டில் கேம் முடிந்துவிடும். அந்தப் பந்தை எந்தப் பக்கத்தில் வாங்குவது என்று சர்வை வாங்கும் ஜோடி முடிவு செய்யலாம். ஜோடிக்கு ஒரு செட் என்றால் மூன்றாவது செட் கிடையாது, 10 பாயின்ட் டைபிரேக்; குறைந்தது இரண்டு பாயின்ட் முன்னிலையோடு 10 பாயின்டை முதலில் எட்டும் ஜோடிக்கு வெற்றி. அதனால் நிமிஷத்துக்கு நிமிஷம் பதற்றம்தான்.

நம் சானியா மிர்சா, சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸ் ஜோடி 2015இல் தொடங்கி அடுத்த வருஷம் வரை தொடர்ந்து 41 ஆட்டங்களை வென்றது இரட்டையரில்தான். சானியாவின் முன்கை அடி, அதாவது ஃபோர்ஹேண்ட், எதிராளியைத் திணறடிக்கும். திரும்பி வரும் பந்தை ஹிங்கிஸ் நெட்டில் முடித்துவிடுவார்.

இனி நம் மலைக்கு வருகிறேன். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். காற்று மெல்லியது, பந்து கூடுதல் தூரம் பறக்கும், கூடுதலாக எழும்பும். 1,219 மீட்டருக்கு மேலே ஆடுவதற்கென்றே தனிப் பந்து உண்டு என்று சர்வதேச விதியில் இருக்கிறது. கொலம்பியாவின் பொகோட்டா 2,600 மீட்டர் உயரம். அங்கேயும் பெண்கள் தொழில்முறைப் போட்டி நடக்கிறது. நம் பிள்ளைகள் இங்கே ராக்கெட்டின் நரம்பை இறுக்கிக் கட்டி, பந்தை அடக்கி ஆடிப் பழகியிருப்பார்கள். மதுரைக்கு இறங்கினால் அதே அடி நெட்டில் விழும். முதல் நாள் முழுக்கத் தடுமாறுவார்கள். ஆனால் நெட் அருகே பந்தைத் தரையில் விழவிடாமல் அடிக்கும் கை அவ்வளவாகத் தடுமாறுவதில்லை. மலைப் பிள்ளைகளுக்கு இரட்டையர் நல்லது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இடம். ஒரு கோர்ட்டுக்கு 78 அடி நீளம் வேண்டும், பின்னால் ஓடவும் இடம் வேண்டும். சரிவாகவே கிடக்கும் ஊரில் அவ்வளவு சமதளம் அபூர்வம். கிடைத்த ஒரு கோர்ட்டில் இரண்டு பேர் ஆடி, மற்றவர்கள் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு காத்திருப்பதைவிட நாலு பேர் ஆடலாமே.

வில்பட்டியிலும் பூம்பாறையிலும் இருக்கிற அம்மா அப்பாக்களிடம் ஒரு வேண்டுகோள். பெண்ணைத் தனியாக அனுப்பத் தயங்குகிறீர்கள், எனக்குப் புரிகிறது. மாலையில் பனிமூட்டம் இறங்கினால் பஸ் எப்போது வரும் என்றே சொல்ல முடியாது. ஜோடியாக அனுப்புங்கள். பஸ்ஸில் துணையாக வருகிறவளே கோர்ட்டிலும் துணையாக நிற்கட்டும். மழை விட்டுத் தரை காய்ந்ததும் புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிறோம். ராக்கெட் எங்களிடம் இருக்கிறது. தோழி ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள், அது போதும். வணக்கம்.